அரசனுக்கு வைத்த செக்

வங்கியில் நீட்டுவது செக். நெடுஞ்சாலையில் வண்டியை மறிப்பது செக்போஸ்ட். விடுதியில் அறை எடுத்தால் செக்-இன். மெக்கானிக் பிரேக்கைச் செக் பண்ணுகிறார். கூட்டணிக் கட்சிக்குத் தலைமை ‘செக் வைத்தது’ என்று நாளிதழ் தலைப்புப் போடுகிறது. இவற்றுள் சொல்லின் பிறப்பிடத்துக்கு மிக அருகில் நிற்பது அந்தத் தலைப்புதான்.

பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். இந்தியாவிலிருந்து போன சதுரங்கம் அங்கே ‘சத்ரங்’ ஆயிற்று. அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. எதிராளியின் அரசனுக்கு ஆபத்து வந்தால் ‘ஷா!’ என்று சொல்லி உணர்த்துவது ஆட்ட வழக்கம். அந்தக் கூப்பாடுதான் அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவிலிருந்து ஆட்டத்துக்கே ‘செஸ்’ என்ற பெயர் கிடைத்தது.

இங்கிருந்து சொல் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை ஆட்டத்தின் விதியிலிருந்து முளைத்தது. செக் விழுந்துவிட்டால் வேறு காய் நகர்த்தும் யோசனையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே ‘செக்’ என்றால் தடை என்றாயிற்று. பிறகு அடக்கி வைத்தல். தவறு நேராமல் தடுக்க ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டுமல்லவா? அதிலிருந்து வந்ததுதான் சரிபார்த்தல் என்ற பொருள்.

இன்னொரு கிளை பலகையிலிருந்து முளைத்தது. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃப்கள் ஈஸ்டருக்கும் மிக்கேல் திருநாளுக்கும் அரசுக் கருவூலத்தில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கே பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு எனப் பத்திக்கொரு மதிப்பு வைத்து, வில்லைகளை அடுக்கியும் எடுத்தும் கூட்டிக் கழித்தார்கள். அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இந்த முறையை ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். பார்வைக்குச் சதுரங்கப் பலகைபோல் இருந்ததால் அந்த அலுவலகத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் நிலைத்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான். கட்டம் போட்ட சட்டையை ‘செக்டு’ என்பதும் இந்தப் பலகையின் வாரிசே.

பிரிந்த கிளைகள் வங்கியில் மறுபடி சந்தித்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்பது பணமுறியின் அடிக்கட்டையைக் குறித்தது. போலி முறி வந்தால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். சரிபார்த்தல் என்ற பொருள் பொருந்திவிட்டது. பின்னர் அந்தப் பெயர் முறிக்கே தாவியது. பிரிட்டிஷார் எக்ஸ்செக்கரின் சாயலில் அதற்குத் தனி எழுத்துக்கூட்டல் கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிட்டிஷ் வடிவத்தை இந்தியாவில் நிலைநிறுத்தியது.

தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. ஆட்டத்து செக்குக்கும் வங்கி செக்குக்கும் நமக்கு ஒரே எழுத்துதான். பிரிட்டிஷார் எழுத்தில் பிரித்து வைத்த உடன்பிறப்புகளை நாம் அறியாமலே சேர்த்து வைத்திருக்கிறோம்.