கஞ்சியை எடுக்க வந்த குழாய்

விலாங்கின் தோல் எப்படி வழுக்கும் என்று கடற்கரை ஊரான தங்கச்சிமடத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டருக்கும் அது தெரிந்திருக்கிறது. 1790இல், விழுங்கும் தசைகள் வாதத்தில் செயலிழந்த ஒருவருக்கு, திமிங்கலத்தின் வாய்த்தகட்டில் சீவிய மெல்லிய குச்சியின்மேல் விலாங்குத் தோலை உறைபோல் மாட்டி, தொண்டை வழியே வயிற்றுக்குள் இறக்கினார். மேல்முனையில் ஒரு பை. அதை அமுக்கினால் பாலும் முட்டையும் சர்க்கரையும் உள்ளே போகும். ஆள் பிழைத்துக்கொண்டார்.

இன்று நம் ஆஸ்பத்திரிகளில் மூக்கு வழியே போடும் ரைல்ஸ் டியூப் பிறந்தது வேறு காரணத்துக்கு. 1921இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ஜான் ரைல், இரைப்பை அமிலத்தை அளக்க ஒரு மெல்லிய ரப்பர் குழாய் செய்தார். ஓட்ஸ் கஞ்சியைக் குடிக்கவைத்து, கால் மணிக்கு ஒருதரம் அதில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார். குடித்த கஞ்சியை வெளியே எடுக்க வந்த குழாய் அது!

இப்போது கஞ்சி அதே குழாயில் உள்ளே போகிறது. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்குவதே பெரும்பாடு. உடம்பு இளைத்துப்போனால் சிகிச்சையும் பாதியில் நின்றுவிடலாம். அதனால்தான் இந்தக் குழாய். மூக்கு நுனியிலிருந்து காதுமடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி என்று அளந்து குறி வைத்து, "முழுங்குங்கண்ணே, இன்னும் ஒருதரம்" என்று இறக்குவார் நர்ஸ். சிரிஞ்சில் இழுத்து வருவதை அமிலத்தாளில் தொட்டுப் பார்ப்பார்; சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தால் கஞ்சியே எமன்.

பெரிய வைத்தியம் என்றால் பாம்பன் பாலம் தாண்டி மதுரை வரை போக வேண்டிய ஊர் தங்கச்சிமடம். அதனால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே மனைவியிடமோ மகளிடமோ சிரிஞ்சைக் கொடுத்துச் செய்யவைத்துப் பார்த்துவிட வேண்டும். தலைமாடு உயர்ந்திருக்கணும். கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டணும். தடவைக்கு 200 மில்லி போதும். சிரிஞ்சை அமுக்காமல் உயரப் பிடித்தால் தானாக இறங்கும். முடிந்ததும் தண்ணீர் விடணும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். சரியாகப் பொடிக்காத மாத்திரைதான் குழாயை அடைப்பதில் பெரிய வில்லன்.

கடற்கரை ஆள் மீன் கேட்காமல் இருப்பாரா? முள் நீக்கி வேகவைத்து, நைசாக அரைத்து வடிகட்டினால் மீனும் போகும். மூக்கோரத்துக் குறி மட்டும் நகர்ந்திருக்கக் கூடாது. நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாமல், குழாயை உள்ளே தள்ளியும் பார்க்காமல், ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.