பெரம்பூர்ப் பெட்டியும் சிங்தாவ் பவர்செட்டும்

இலங்கையின் நெடுந்தூரப் பாதைகளுக்கு அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட புதிய பயணிகள் பெட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு ஊர்களின் பெயர் வந்தே தீரும். ஒன்று சென்னை பெரம்பூர், மற்றது சீனாவின் சிங்தாவ். பெரம்பூரின் ஐ.சி.எஃப் தொழிற்சாலையில் 160 பெட்டிகள் செய்து தர இந்தியாவின் ரைட்ஸ் நிறுவனம் 2018 ஜூலையில் இலங்கையோடு ஒப்பமிட்டது. அதன் மதிப்பு 8 கோடியே 26 லட்சம் டொலருக்குச் சற்று மேல். சிங்தாவின் சிஃபாங் தொழிற்சாலையிலிருந்து 2012 இல் எஸ் 12 பவர்செட்டுகள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து மலையகப் பாதைக்கென எஸ் 14 வந்தது. பெரம்பூரில் செய்யப்படுவது எஞ்சின் இழுக்கும் பெட்டி. சிங்தாவின் பவர்செட் எஞ்சினையும் தன்னுள்ளே கொண்ட தொடர்.

இவ்விரண்டையும் இந்தியா, சீனா என்று கொடி பிடித்து ஒப்பிடுவது எளிது. ஆனால் ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் பிடித்துப் பதுளை நிலையத்துக்கு வந்து, கொழும்புக்கு ரயிலேறும் ஒருவருக்கு அந்த ஒப்பீட்டால் பயன் அதிகமில்லை. அவருக்கு உதவக்கூடிய தராசு பாதையிலேயே இருக்கிறது. பதுளையிலிருந்து பட்டிப்பொல வரையான ஏற்றத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் எது எங்கே வெல்கிறது, எது எங்கே தளர்கிறது என்பது தெரியும்.

பதுளை நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் உள்ளது. பட்டிப்பொலவை அடுத்துள்ள பாதையின் உச்சி 1,898 மீட்டர். சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கடும் ஏற்றங்களில் சரிவு 44 இற்கு 1. 300 தொன் எடையுள்ள ரயில் அந்தச் சரிவில் நின்றால், புவியீர்ப்பு மட்டுமே அதை ஏறத்தாழ 6.8 தொன் விசையோடு பின்னே இழுக்கும். உராய்வும் வளைவின் தடையும் இதற்கு மேல்.

இந்தச் சுமையை எஞ்சின் ரயில் ஒரே இடத்தில் எதிர்கொள்கிறது. தண்டவாளத்தைப் பற்றும் சக்கரங்கள் யாவும் முன்னே நிற்கும் எஞ்சினுக்குரியவை. பின்னால் வரும் பெட்டிகள் எடையைக் கூட்டுமேயன்றிப் பிடிப்பைக் கூட்டா. பவர்செட் இதே சுமையை இரு முனைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. முன்னிருந்து ஒன்று இழுக்கிறது, பின்னிருந்து ஒன்று தள்ளுகிறது. ஒஹியப் பக்கம் மூடுபனியில் தண்டவாளம் நனைந்து வழுக்கும் நாட்களில் உலர்ந்த இரும்பின் பிடிப்பில் கணிசமான பகுதி போய்விடுகிறது. அப்போது முன் சக்கரம் வழுக்கினாலும் பின் சக்கரம் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஏற்றம் என்ற முதற் சோதனையில் சிங்தாவின் அமைப்பு முந்துகிறது.

முனையம் என்ற இரண்டாம் சோதனையிலும் அதுவே முந்துகிறது. பதுளையோடு பாதை முடிகிறது. எஞ்சின் ரயில் வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் கொழுவ வேண்டும். பவர்செட்டில் சாரதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனாலே போதும்.

மூன்றாவது சோதனை பழுது. இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. எஞ்சின் ரயிலில் எஞ்சின் கெட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் கொழுவலாம், பெட்டிகள் சும்மா கிடக்க வேண்டியதில்லை. 1979 ஐ ஒட்டி ஜெர்மனியின் ஹென்ஷெல் நிறுவனம் கட்டித் தந்த எம் 6 எஞ்சின்கள், தாம் வந்தபோது பிறந்தேயிராத பெட்டிகளையும் இழுக்கக்கூடியவை. பவர்செட்டிலோ எஞ்சினும் இருக்கையும் ஒரே குடும்பம். இயந்திரம் நோய்ப்பட்டால் நல்ல இருக்கைகளும் அதோடு பட்டறைக்குப் போகின்றன. ஏற்றத்தில் பவர்செட்டுக்குப் பலமான அதே பிணைப்பு, பட்டறை வாசலில் அதற்குப் பலவீனமாகிறது.

நான்காவது சோதனைதான் தோட்டத்து மக்களுக்கு மிக நெருக்கமானது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் ஊவாப் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரே நேரத்தில் ஊருக்குத் திரும்புகிறார்கள். அன்றைக்கு ரயில் நீள வேண்டும். எஞ்சின் ரயிலில் ஒரு பெட்டியைச் சேர்ப்பது வழக்கமான வேலை. பவர்செட் தொழிற்சாலையில் எத்தனை பெட்டிகளோடு பிறந்ததோ அத்தனையோடுதான் பெரும்பாலும் ஓடும். ஆகவே பெரம்பூர்ப் பெட்டிக்கே வெற்றி என்று முடித்துவிடத் தோன்றும்.

சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அந்த முடிவு பாதிதான் சரி. பெட்டியைச் சேர்க்கச் சேர்க்க எஞ்சினின் சுமை ஏறுகிறது. 40 தொன் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் 44 இற்கு 1 சரிவில் ஏறத்தாழ 0.9 தொன் இழுவை கூடுதலாக வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் இரண்டாவது எஞ்சின் இல்லாமல் ரயில் ஏறாது. சமவெளியில் விருப்பம்போல் நீளும் ரயில், மலையில் எஞ்சின் சொன்னபடிதான் நீளும். இன்னொரு தடையும் உண்டு. மலைப்பாதை ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட நிலையத்துப் பக்கப் பாதைக்குள் ரயில் முழுவதும் அடங்க வேண்டும். அந்த அளவுக்கு மேல் எஞ்சின் ரயிலும் நீள முடியாது, இரண்டு பவர்செட்டுகளைக் கோர்த்தாலும் நீள முடியாது. வேறுபாடு என்று தொடங்கிய இடத்தில் ஓர் ஒற்றுமை வந்து நிற்கிறது.

அதைவிட ஆழமான ஒற்றுமை வளைவுகளில் இருக்கிறது. காப்பித் தோட்டக் காலத்தில் தொடங்கிய இந்தப் பாதை 1867 இல் கண்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இல் பண்டாரவளையையும், 1924 இல் பதுளையையும் அடைந்தது. மலையைக் குடைவதற்கு ஆன செலவைக் குறைக்கப் பாதையை மலையோடு வளைத்தார்கள். மிகக் கூரிய வளைவுகளின் ஆரை ஐந்து சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீட்டர். தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி, நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாகப் போவதும் இந்தக் கணக்கின் விளைவே.

நேரான பெட்டி வளைந்த பாதையில் போகும்போது அதன் நடுப்பகுதி வளைவின் உட்புறமாகத் தள்ளி நிற்கும். இரு சக்கரத் தொகுதிகளுக்கும் நடுவே 14 மீட்டர் இடைவெளி இருந்தால், 100 மீட்டர் வளைவில் அந்தத் தள்ளல் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். இடைவெளியை 12 மீட்டராகக் குறைத்தால் 18 சென்டிமீட்டர். சுரங்கச் சுவருக்கும் சன்னலோரம் வைத்த கைக்கும் இடையே இந்த ஆறு சென்டிமீட்டர் பெரிய தூரம். பெட்டியின் நீளம், அகலம், சக்கரத் தொகுதியின் சுழற்சி, பெட்டிகளை இணைக்கும் கொழுவியின் அசைவு என அனைத்தையும் நூறாண்டுக்கு முன் வெட்டிய வளைவே முடிவு செய்கிறது. பெரம்பூரின் பொறியாளரும் சிங்தாவின் பொறியாளரும் தமக்குள் ஒரு சொல்லும் பேசாமலே ஒரே கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பொறியாளர்களின் வீட்டு வாசலுக்குப் போனால் வியப்பு கூடுகிறது. சிஃபாங் 1900 இல், சிங்தாவ் ஜெர்மானியர் கையில் இருந்தபோது தோன்றிய தொழிற்சாலை. ஐ.சி.எஃப் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு எழுந்து, 1955 ஒக்டோபர் 2 ஆம் திகதி நேருவால் திறந்து வைக்கப்பட்டது. இரண்டும் கடற்கரை நகரங்களில் இருப்பவை. இரண்டும் ஐரோப்பியரிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு தாமே பிறருக்குக் கட்டித்தரும் இடத்துக்கு வளர்ந்தவை. 2010 டிசம்பரில் மணிக்கு 486.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட சீன ரயில் சிஃபாங்கில் பிறந்தது. 2018 இல் சோதனை ஓட்டத்தில் 180 கிலோமீட்டரைத் தொட்டு, பின்னர் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ரயில் ஐ.சி.எஃப்பில் பிறந்தது. தத்தம் நாட்டில் வேகத்துக்குப் பேர்போன இரு தொழிற்சாலைகளும் நம் மலைக்காகப் பொறுமையான ரயில்களைக் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணியை இரண்டுமே சிரத்தையோடு செய்திருக்கின்றன என்பதை மதித்துச் சொல்ல வேண்டும்.

இவ்விரு ஊர்களுக்கும் மலையகத்தோடு உள்ள உறவும் புதிதல்ல. 1952 இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இங்கிருந்து இறப்பர் போனது, அங்கிருந்து அரிசி வந்தது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. முதல் ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளர் சீவிய பாலைப் பற்றியது. இரண்டாவது அந்தத் தொழிலாளரையே பற்றியது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த அந்த மக்களிடம் இரண்டைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனவர்களின் பெயர் இன்றும் ஊவா லயங்களில் நினைவில் இருக்கிறது. அன்றைக்கு இங்கிருந்து பொருளாகவும் ஆளாகவும் போன அதே இரு திசைகளிலிருந்து இன்று பெட்டிகள் கப்பலேறி வருகின்றன. பெட்டிகளை ஒப்பிட அமர்ந்தவருக்கு இந்தச் சமச்சீர் எதிர்பாராமல் கிடைக்கிறது. அதில் ஒரு கடமையும் இருக்கிறது: மூன்றாவது முறையும் அந்த மக்களைக் கேட்காமல் விடலாகாது.

கேட்டால் அவர்கள் எதைச் சொல்வார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. சுற்றுலாப் பயணிக்கு இந்தப் பாதையில் சன்னல் முக்கியம். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தை அவர் பார்க்க வேண்டும். கொழும்பில் வைத்தியரைப் பார்த்துவிட்டு முட்டுவலியோடு திரும்பும் ஓய்வுபெற்ற கொழுந்து பறிப்பவருக்கு ஏறும் படியின் உயரம் முக்கியம், கழிப்பறையில் தண்ணீர் முக்கியம், இரவுத் தபால் ரயிலில் முதுகைச் சாய்க்கும் இருக்கை முக்கியம். இந்தக் கணக்கில் எஞ்சின் முன்னே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். மூன்றாம் வகுப்பில் எத்தனை இருக்கை என்பதே முதற் கேள்வி. பெரம்பூரும் சிங்தாவும் கேட்டதைத்தான் கட்டித் தருகின்றன. வகுப்புகளைப் பிரித்துக் கேட்பது கொழும்பு.

பெட்டிக்கும் பவர்செட்டுக்கும் பொதுவான இன்னொரு வீடு இரத்மலானை. எங்கே பிறந்தாலும் பெரும் பழுதென்றால் அங்குள்ள பட்டறைக்கே போக வேண்டும். 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடி கற்பித்தது போல, கடல் கடந்து வரவேண்டிய உதிரிப்பாகம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் டொலரில்தான் வரும். பெட்டியில் சக்கரம், தடுப்பு, கொழுவி ஆகியவை தேய்கின்றன. பவர்செட்டில் அவற்றோடு எஞ்சினும் அதன் மின்னணுக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து தேய்கின்றன. ஆகவே பட்டறையின் கைத்திறன் வளராத இடத்தில் பவர்செட் விரைவில் மூப்படையும், பெட்டி மெல்ல மூப்படையும். கைத்திறன் வளர்ந்தால் இரண்டும் நீடிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தபோது இன்னொன்றும் தெளிவானது. பாதையைக் காக்காத நாட்டில் எந்தப் பெட்டியும் புதிய பெட்டி அல்ல.

எடை போட்டுப் பார்த்தால் ஒன்றை வைத்து மற்றதைத் தள்ள முடியவில்லை. பகலில் நேரம் தவறாமல் ஏறி இறங்க வேண்டிய ரயில்களுக்கு, இரு முனைப் பிடிப்பும் விரைவாகத் திரும்பும் வசதியும் உள்ள பவர்செட் பொருந்துகிறது. இரவுத் தபால் ரயிலுக்கும் பண்டிகைக் கூட்டத்துக்கும், கூட்டிக் குறைக்கவும் எஞ்சினை மாற்றவும் இடம் தரும் பெட்டித் தொடர் பொருந்துகிறது. எஞ்சின் ரயிலின் நெகிழ்வு மலையில் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் போதிய மலை எஞ்சின்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். பவர்செட்டின் வேகம் நிலைக்க வேண்டுமானால் உதிரிப்பாகத்தையும் பயிற்சியையும் விலையோடு சேர்த்தே பேச வேண்டும். அடுத்த கேள்விப்பத்திரம் எழுதும்போது புகையிரதத் திணைக்களம் பதுளை, ஹாலி-எல, தெமோதரை நிலையங்களில் ஏறும் தோட்டத்து மக்களை அழைத்து, மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வரைபடத்தை அவர்கள் முன் விரித்துக் காட்ட வேண்டும். கட்டுபவர் பெரம்பூராரா சிங்தாவாரா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.