உடல் வரைபடமும் உடற்சொற்களும்

தமிழில் 'கை' என்பது தோள் தொடங்கி விரல் நுனிவரை நீளும். 'கால்' தொடையிலிருந்து பாதம்வரை செல்லும். இவ்விரண்டையும் ஆங்கிலம் நான்கு சொற்களாகப் பிரித்து வழங்குகிறது. 'இடுப்பு' இன்னும் சிக்கலானது. இடுப்பு வலி என்று நம்மவர் சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியை. உரைபெயர்ப்பில் அது இடுப்பு மூட்டாக மாறிவிடக்கூடும். அகராதிக்கு இது சிறு குறிப்பு. கட்டுமானத் தளத்தில் விழுந்த ஊழியருக்கு அப்படியன்று. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் நிரந்தர இயலாமையை விழுக்காட்டில் கணக்கிடுகிறது. எந்த உறுப்பு, எவ்வளவு என்பதைப் பொறுத்தே தொகை அமைகிறது. வெளியே தெரியும் காயத்தை மருத்துவர் கண்ணால் காண்பார். வெளியே தெரியாத வலிக்கோ நோயாளியின் சொல்லே முதற்சான்று.

சொல்லோடு கோட்டையும் சேர்த்துக் கேட்கும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. அதற்கு உடல் வரைபடம் என்று பெயர். 1992இல் ஆண்ட்ரியா கார்ன்வால், சிம்பாப்வே கிராமப்புறப் பெண்கள் தம் உடலின் உட்புறத்தைத் தாமே வரைந்து விளக்கியதைப் பதிவுசெய்தார். பத்தாண்டு கழித்து, கேப் டவுனை அடுத்த காயலிட்ஷாவில், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த பெண்களுடன் ஓவியர் ஜேன் சாலமன் இதனை வளர்த்தெடுத்தார். ஒருவர் பெரிய தாளின்மேல் படுத்துக்கொள்ள, மற்றொருவர் அவருடைய உருவத்தைச் சுற்றிக் கோடிடுவார். அந்த வெற்றுருவத்துள் தழும்பு, மருந்து, அச்சம், ஊர், பிள்ளை என எல்லாம் இடம்பெறும். 2012இல் டெனிஸ் கஸ்டால்டோவும் உடன் ஆய்வாளர்களும், டொராண்டோவில் ஆவணமின்றி உழைத்த லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களிடையே மேற்கொண்ட ஆய்வில் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தனர்: படம், வரைந்தவர் கூறும் தன்கதை, ஒவ்வொரு குறிக்கும் அவரே தரும் விளக்கம். மூன்றாவதுதான் என் போன்ற மொழியியலாரை ஈர்ப்பது.

உடலை உறுப்புறுப்பாகச் சொல்லிச் செல்வது நமக்குப் புதிதன்று. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று இலக்கிய வகைகளே உள்ளன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கியபோது அத்துறைக்கு 'அங்காதிபாதம்' என்ற பெயர் வழங்கியது. அச்சொல்லிலும் பழைய மரபின் சாயல் உண்டு. ஆயினும் புலவரும் மருத்துவரும் பிறர் உடலை வரிசை பிறழாமல் சொன்னவர்கள். உடல் வரைபடம் அவ்வரிசையைக் கைவிடுகிறது. எங்கே தொடங்குவது என்பதை உடலுக்குரியவரே முடிவுசெய்கிறார்.

லிட்டில் இந்தியாவில், கஃப் சாலையை ஒட்டி, டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ அமைப்பு 2008 முதல் வெளிநாட்டு ஊழியர்க்கு இலவச உணவு அளிக்கும் திட்டத்தை நடத்திவந்தது. காயமுற்று, வேலையின்றி, இழப்பீட்டுக்குக் காத்திருந்தோர் பலர் அங்கே உண்டனர். அத்தகைய ஒருவர் தம் படத்தில் வயிற்றைச் சிவப்பால் நிரப்பினால் ஆய்வாளர் என்ன எழுதுவார்? 'வயிறு எரிகிறது' என்பது புளித்த உணவால் வரும் எரிச்சலாகலாம். வரவேண்டிய சம்பளம் வராத ஆற்றாமையும் ஆகலாம். இரண்டும் ஒரே வயிற்றில்தான் நிகழ்கின்றன. நிறத்தைக் கண்டு ஊகிப்பவர் ஒன்றைத் தவறவிடுவார். வரைந்தவரிடம் தமிழில் கேட்பவர்க்கு இரண்டும் கிடைக்கும். இம்முறை குரலற்றவர்க்குக் குரல் தருகிறது என்று எழுதுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறந்தாங்கியிலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ வந்தவர்க்குச் செறிவான மொழி உண்டு. அது இல்லாதவர் எதிரே அமர்ந்து குறிப்பெடுப்பவர்தாம்.

வரைந்த தாள் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பெயரை நீக்கினாலும் ஆளுயரப் படத்தில் உயரம் தெரியும். பச்சை குத்தியதும் விபத்துத் தழும்பும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு பிணைந்திருக்கையில் இது சிறிய ஆபத்தன்று. பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறையில் அத்தாளைச் சுருட்டி வைக்கவும் மறைவிடம் கிடைப்பது அரிது. ஆகவே, படத்தை யார் வைத்துக்கொள்வது, எப்பகுதியைப் பிறர்க்குக் காட்டுவது, எப்போது அழிப்பது ஆகியவை, முதற்கோடு இடும் முன்பே, வரைபவரின் மொழியில் பேசி முடிக்கப்பட வேண்டும்.