வாக்குமூலமும் கேட்ட செவிகளும்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்கு முன்பு சாத்தான்குளம் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். இப்படியும் ஓர் ஊர்ப்பெயரா என்று வினவுவார்கள். சாத்தன் என்பது பழந்தமிழில் மதிப்புக்குரிய பெயர், மணிமேகலையை இயற்றியவரும் சாத்தனார்தாம் என்று நாம் விளக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இப்போது யாரும் சிரிப்பதில்லை. பெயரைச் சொன்னதும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது.

நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊரடங்குக் காலத்தில் ஜூன் 19 அன்று மாலை வணிகர் ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். தந்தையைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தனர். அந்த இரவைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த இரவைப் பற்றிச் சொல்லப்பட்டது, அது கேட்கப்பட்ட விதம், கேட்டவர்களை அது என்ன செய்தது என்பவையே நம் பொருள். வாக்குமூலத்தின் வரலாறு என்பது பாதிக்குமேல் கேட்டவர்களின் வரலாறுதான் என்று நாம் கருதுகிறோம்.

இந்தக் கருத்துக்கு நம்மை இட்டுச் சென்றவை யூத இனப்படுகொலையிலிருந்து மீண்டவர்களின் எழுத்துகள். அவுஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டிருந்த இத்தாலிய வேதியியலாளர் பிரைமோ லெவி, அங்கே தமக்குத் திரும்பத் திரும்ப வந்த ஒரு கனவைப் பற்றி எழுதியிருக்கிறார். கனவில் அவர் வீடு திரும்பிவிட்டார், உற்றார் நடுவில் அமர்ந்து பட்டதையெல்லாம் சொல்கிறார், ஒருவரும் செவிசாய்க்கவில்லை, உடன்பிறந்தாளும் எழுந்து போய்விடுகிறாள். முகாமில் பலருக்கும் இதே கனவு வந்ததாம். பசியும் குளிரும் சாவும் சூழ்ந்த இடத்தில், சொன்னால் கேட்பார்களா என்பதே உறக்கத்தைக் கெடுத்த அச்சமாக இருந்திருக்கிறது. கனவு பொய்க்கவுமில்லை. அவருடைய முதல் நூலைப் பெரிய பதிப்பகம் மறுத்தது. 1947இல் ஒரு சிறு பதிப்பகம் 2,500 படிகள் அச்சிட்டது. மறுத்த அதே பெரிய பதிப்பகம் அந்நூலை வெளியிட 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூல் மாறவில்லை, கேட்பவர்கள் மாறியிருந்தார்கள்.

1961இல் ஜெருசலேமில் நடந்த ஐக்மன் வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். வானொலியில் அது ஒலிபரப்பாகியது. அதுவரை அண்டை வீட்டாரிடம்கூட வாய் திறவாதிருந்தவர்களின் கதையை ஒரு நாடு முழுவதும் நின்று கேட்டது. அவ்வழக்கில் சாட்சிக் கூண்டேறிய எழுத்தாளர் யெகியேல் டினூர் சில நிமிடங்களே பேசினார். பிறகு நினைவிழந்து சரிந்தார். அவர் சொன்ன சொற்களைவிட அந்தச் சரிவையே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு அது சான்றாகாது. கேட்டவர்களுக்கோ அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

அந்தப் பேரழிவையும் நம்மூர்க் காவல் நிலையத்தின் ஓர் இரவையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. அளவில் மலையும் மணலும் போன்றவை அவை. ஆனால், துன்பத்தைச் சொல்லுதல், கேட்டல் என்ற வினையை ஆராய அங்கே கிடைத்த கருவியை இங்கும் பயன்படுத்தலாம். இங்கே பயன்படுத்த நம்மிடம் ஒரு பழைய ஆவணமும் இருக்கிறது. நம் இலக்கிய வட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1854இல் இங்கிலாந்தின் மக்களவையில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பின்னால் சென்னைவாசிகளின் உழைப்பு இருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவருடைய சென்னை சுதேசிகள் சங்கமும் தொடர்ந்து மனுக்கள் அனுப்பிவந்தனர். அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. பாதிக்கப்பட்டோர் வந்து முறையிடலாம் என்று அறிவிக்கப்பட்டது. நேரில் வந்தவர்கள் 519 பேர். மடல் வழி வந்த முறையீடுகள் 1,440. ஆக 1,959. இருப்புப்பாதை இல்லாத நாளில், தம்மூர் தாசில்தாரின் பகையைத் தேடிக்கொண்டு, நெடுந்தொலைவு கடந்து சென்னைக்கு வந்தவர்கள் அந்த 519 பேர் என்பதை மறந்துவிடக் கூடாது.

1855இல் வெளிவந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறின. ஒன்று கிட்டி: விரல்களை இடையில் வைத்து நெரிக்கும் மரக்கட்டைகள். மற்றொன்று அண்ணாந்தாள்: கயிற்றால் தலையைக் காலோடு சேர்த்துக் குனிந்த நிலையில் கட்டி நிறுத்துதல்.  இச்சொற்களுக்கு ஆணையர்கள் விளக்கம் தந்தார்கள். கல்லூரியில் சொற்பிறப்பு நடத்துகிற நமக்கு, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்கள் போகும் வழிகளில் இப்படியும் ஒன்று உண்டு என்பது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆணையம் கேட்டதா என்றால் கேட்டது. சித்திரவதை உண்டு என்று ஒளிக்காமல் எழுதியது. முறையிடுவது ஏன் கடினம் என்பதற்கு அது காட்டிய காரணமும் கூரியது. ஓர் உழவன் கலெக்டருக்கு மனு எழுதினால், அது விசாரணைக்காகத் தாசில்தாரிடமே திரும்பிப் போகும். அன்று தாசில்தாரே வரி அலுவலர். அவரே காவல் தலைவரும்கூட. அடித்தவனிடமே அடிபட்டவனின் மனு சென்று சேரும் என்று பொருள்.

இவ்வளவு கேட்டவர்கள் கடைசியில் ஒன்றைக் கேட்காமல் விட்டார்கள். மக்களின் கூக்குரல் எல்லாம் சுதேசி அலுவலர்களின் கொடுமைக்கு எதிரானதே, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு எதிரானதன்று என்று ஆணையம் முடிவுகட்டியது. யாருக்காக அந்த வரி, எந்த அளவில் அது விதிக்கப்பட்டது, தண்டல் குறைந்தால் தாசில்தாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் அந்த முடிவில் அமுங்கிப்போயின. 1857 செப்டம்பரில், வடக்கே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் இவ்வறிக்கையைப் பிரித்துப் பார்த்து எழுதினார். அதே சாட்சியங்கள்தாம், சென்னையில் மூவரும் கேளாத ஒன்றை அவர் கேட்டார். கேட்பவன் நிற்கும் இடம் எது என்பது இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஆயினும் அந்த 1,959 முறையீடுகள் வீணாகவில்லை. 1859இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிடமிருந்து காவல் பிரிக்கப்பட்டது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872இன் சாட்சியச் சட்டத்துக்குச் சென்று, அதற்கு மாற்றாக 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அச்சட்டத்தின் பெயரை உச்சரிக்க நம் நா இன்னும் பழகவில்லை. விதி என்னவோ பழையதுதான்.

இனி 2020க்கு வருவோம். ஜூன் 20 அன்று தந்தையும் மகனும் அரசு மருத்துவர் முன்னும், பிறகு நடுவர் முன்னும் கொண்டு செல்லப்பட்டனர். சிறைக்கு அனுப்பத் தக்க உடல்நிலை என்ற சான்று கிடைத்தது. சிறைக்காவல் ஆணையும் கிடைத்தது. அன்று சொற்கள் தேவைப்படவில்லை, குருதி தோய்ந்த ஆடைகள் இருந்தன. கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் காகிதங்கள் கையெழுத்தாகிக்கொண்டிருந்தன.

இருவரும் இறந்த பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர்கள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தனர். கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை விசாரணைக்கு அனுப்பினர். ஜூன் 28 அன்று அவர் காவல் நிலையத்துக்கே சென்றார். அங்கு அவருக்குக் கிடைத்த வரவேற்பு அவருடைய அறிக்கையில் பதிவாகியுள்ளது. ஆவணங்களைக் கேட்டால் தாமதம்; விசாரணையைச் செல்பேசியில் படம்பிடித்தல்; ஒரு காவலர் வாயிலிருந்து இழிசொல். கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. நினைவில் வைக்க இடமிருந்தும் மறப்பதற்கென்றே அமைக்கப்பட்ட கருவி அது.

கருவி மறந்ததை ஒரு மனிதர் நினைவு வைத்திருந்தார். அந்த இரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி. இருவரும் விடிய விடிய அடிக்கப்பட்டதை அவர் சொன்னார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை உண்டு, அவற்றை அழித்துவிடக்கூடும், உடனே கைப்பற்றுங்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் அஞ்சிக்கொண்டிருந்தார் என்றும், வெளியே நின்ற சக காவலர்களின் நடத்தை அந்த அச்சத்தை வளர்த்தது என்றும் நடுவர் எழுதுகிறார். சொல்லி முடித்த பின் கையெழுத்திட அவர் உடன்படவில்லை. பாதுகாப்பு உண்டு என்று நெடுநேரம் உறுதியளித்த பிறகே ஒப்பமிட்டார்.

இந்தக் காத்திருத்தலை நாம் பெரிதாக மதிக்கிறோம். கையெழுத்தில்லாத வாக்குமூலத்தைச் சுருட்டிக்கொண்டு நடுவர் புறப்பட்டிருக்கலாம். அவருக்கும் அந்த இடம் இனிதாக இருக்கவில்லை. கோவலன் வழக்கில் பாண்டியன் செய்த ஒரே நற்செயல், கண்ணகி சொன்னதைக் கேட்டு, சிலம்பைத் தருவித்துத் தன் முன்னேயே உடைத்துப் பார்க்க இசைந்தது. வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் கண்ணகியின் சீற்றத்தையே பேசுவார்கள். 2020க்குப் பிறகு நம்மூர் மாணவர்கள் மன்னனைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாமே என்கிறார்கள். தமிழில் கேள் என்ற சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என்ற இரண்டோடு உறவு என்ற பொருளும் உண்டு என்று அப்போது சொல்லிவைப்போம்.

அறிக்கையைப் படித்த நீதியரசர்கள், கொலை வழக்குப் பதிவதற்கான முகாந்திரம் உண்டு என்றனர். சாட்சிக்குப் பாதுகாப்பளிக்க ஆணையிட்டனர். தடயங்கள் அழியாதிருக்கக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னார்கள். செய்தித்தாளில் இதைப் படித்தபோது நமக்கு 1859 நினைவுக்கு வந்தது. தாசில்தாரின் கையிலிருந்து மக்களைக் காக்கக் காவலைப் பிரித்தார்கள். 161 ஆண்டுகள் கழித்துக் காவலரின் கையிலிருந்து காவல் நிலையத்தைக் காக்க வருவாய்த் துறையை அழைக்க வேண்டியிருந்தது.

இதே தமிழகத்தில், 1983இல் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்டதைச் சந்திரகுமார் ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அவர் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். வெற்றிமாறன் அதை ‘விசாரணை’ என்று 2015இல் படமாக்கி வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோகும்வரை அதைப் படித்தவர்கள் சிலரே. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் பேசாமல் நடந்தார்கள். ஆனால், ஐந்தாண்டுகள் கழித்து அதே காட்சி நம்மூரில் நிகழ்ந்தது. திரையில் கேட்டதற்கும் கூடத்தில் கேட்டதற்கும் உள்ள வேறுபாடு அது. திரையரங்கில் யாரும் நம்மிடம் கையெழுத்துக் கேட்பதில்லை.

வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2020 செப்டம்பரில் காவல் துறையினர் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரிகை அளிக்கப்பட்டது. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ரேவதி மீண்டும் சாட்சி சொல்ல நேர்ந்தது. உடன் பணியாற்றியவர்கள் எதிரே குற்றவாளிக் கூண்டில் இருந்தனர். ஜூன் 28 அன்று சொன்னதை அவர் அங்கும் சொன்னார்.