மண்ணின் குணமும் மழைக்காலச் சாலையும்

மண்ணைப் பார்த்து மனை கோலுவது நம் முன்னோர் வழக்கம். சாலைக்கும் அது பொருந்தும். பூனாவிலும் நாகபுரியிலும் வாழும் தமிழர் தக்காணத்துக் கரிசலை நன்கறிவர். கோவில்பட்டிச் சீமையார்க்கோ அது பிறந்த மண். கோடையில் அது பாறைபோல் இறுகி, வெடித்துக் கிடக்கும். மழை விழுந்ததும் பருத்துக் குழைந்து, வண்டிச் சக்கரத்தை விழுங்கும். ஆகவே, ஒரு மண் சாலையைத் தாங்குமா என்னும் வினாவுக்கு, அதனை எந்த நிலையில் சோதித்தோம் என்பதே பாதி விடையாகும்.

மண் நிலைமாறும் இயல்பைக் கூர்ந்து குறித்தவருள் ஒருவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின், வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி அவர் 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னட, மலையாளப் பகுதிகளைச் சுற்றி வந்தார். மலபாரில் அங்காடிப்புரத்தை அடுத்து, வெட்டும்போது இரும்புக் கருவிக்கு எளிதில் இணங்கி, காற்றுப்பட்டபின் செங்கல்போல் இறுகும் மண்ணொன்றைக் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு, 1807-இல் வெளியான தம் நூலில் அதற்கு ‘லாட்டரைட்’ எனப் பெயரிட்டார். மலையாளத்தார் வெட்டுக்கல் என்பதும், நாம் செம்பூராங்கல் என்பதும் அதுவே.

மண்ணை எண்ணால் அளக்கும் முறைகள் பிற்காலத்தில், வேறு தட்பவெப்பமுள்ள நாடுகளில் தோன்றின. எவ்வளவு ஈரத்தில் களிமண் பிசையத்தக்கதாகும், எவ்வளவில் குழம்பாகும் என்னும் எல்லைகளை 1911-இல் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஆட்டர்பர்க் வகுத்தார். கலிபோர்னியாவில் 1920-களின் இறுதியில் போர்ட்டர், கெட்டித்த மண்ணில் உருளைத் தண்டு ஒன்றை அழுத்தி, நொறுக்கிய நற்கல்லின் எதிர்ப்பை 100 எனக் கொண்டு மண்ணின் வலிமையைக் கணித்தார்.

நம் நாட்டில் 1927-இல் ஜயகர் குழு அமைந்தது. 1934-இல் இந்தியச் சாலைப் பேரவை தோன்றியது. 1952-இல் டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. போர்ட்டரின் அளவையைக் கொண்டு சாலையின் கனத்தை முடிவுசெய்யும் நெறிகளை அப்பேரவை 1970-இல் வெளியிட்டது. மழை மிகுந்த இடங்களில் மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்தே சோதிப்பர். அச்சோதனையில் கரிசல் பெரும்பாலும் ஐந்தைக்கூட எட்டுவதில்லை. ஆதலின் அதனைச் சுண்ணாம்பு கலந்து திருத்துவர். அல்லது அதன்மேல் நல்ல மண்ணைத் தடித்துப் பரப்பி, நீர் வடிய வழி செய்வர்.

செம்பூரான் மண்ணில் வேறொரு சிக்கல் உண்டு. நூறு பாகைக்கு மேல் சூடேற்றி உலர்த்தினால், சிலவகை மண்ணின் நுண்துகள்கள் இரும்புச் சத்தால் ஒட்டித் திரண்டுவிடும்; களித்தன்மை குறைந்து, மண் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். மிகையாகப் பிசைந்தாலோ திரள்கள் உடைந்து, உள்ளதைவிடத் தீயதாகத் தோன்றும். முன்னதை நம்பினால் முதல் மழையிலேயே சாலை குழிந்து, ஊர் துண்டிக்கப்படும். பின்னதை நம்பினால், அருகிலுள்ள நல்ல சரளையைத் தள்ளிவிட்டு, நெடுந்தொலைவிலிருந்து கல் சுமந்து ஊர்ப்பணம் கரையும். எனவேதான், இத்தகைய மண்ணை இயற்கை ஈரம் உலராமல், அளவாகப் பிசைந்து சோதிக்க வேண்டுமென்பது வெப்பநாட்டுப் பொறியியலார் கற்றுக்கொண்ட பாடம்.

பிறநாட்டார் வகுத்த அளவுகோல் நமக்கும் உதவுவதே. ஆயினும், அதை எவ்வாறு பிடிப்பது என்பதை நம் மழையையும் மண்ணையும் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும்.