தண்ணீர்ப் பானை முதல் வாஷ்பேசின் வரை

மாணவர் இயக்க வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படுவது எப்போதும் தெருவிலிருந்துதான் தொடங்கும். 1965 மொழிப்போர், அதில் சிதம்பரத்தில் குண்டடிபட்டுச் செத்த அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவன் ராசேந்திரன், 2013ல் ஈழத்துக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம், 2017 ஜனவரியில் மெரினா. எல்லாம் ஊர்வலம், முழக்கம், தடியடி. இவை பொய்யல்ல. ஆனால் சேரியிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு வரலாறு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தில், தண்ணீர்ப் பானைக்கு முன்னால். யார் எங்கே உட்காருவது, எதைத் தொடுவது, யாரோடு ரூம் போடுவது என்ற கேள்விகளில். அங்கே நின்று பார்த்தால் மாணவர்கள் சாதி தாண்டிச் சேர்ந்து நின்ற கதையும் சேராமல் போன கதையும் வேறு மாதிரித் தெரிகின்றன. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1943ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதி. பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. இந்தப் பானைத் தகராறிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. தவமணிராசன், கவிஞர் கருணானந்தம் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்டு 27ல், எங்க சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. திராவிட இயக்க மேடைக்கு நாடகம் எழுதிய ப. கண்ணன் எங்க ஜலகண்டாபுரத்துக்காரர்தான். ஆகவே எங்க பக்கத்துக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. கோயில் பக்கமும் டீக்கடைப் பக்கமும் பேசித் தீர்த்த விஷயம்தான்.

ஆனால் அந்தப் பேச்சில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. ‘மற்றவர்கள்’ என்று ஒரு பானை வைத்தார்களே, அந்த மற்றவர்கள் யார்? வன்னியர், கவுண்டர், முதலியார், செட்டியார், பறையர், சக்கிலியர் எல்லோரும் ஒரே பானையிலா குடித்தார்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும்? எதிரே ஒருத்தன் நிற்கிறவரைக்கும் ‘மற்றவர்கள்’ என்ற கூட்டணி நிற்கும். அவன் விடுதியை விட்டுப் போய்விட்டால், அந்த இரண்டாவது பானைக்குள்ளேயிருந்து இன்னும் பத்துப் பானை வெளியே வரும். கும்பகோணத்து மாணவர்கள் செய்தது சின்னக் காரியமல்ல. அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் உடைத்தது முதல் பானையைத்தான். மிச்சத்தை உடைக்கிற வேலை நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அம்பேத்கர் இதை முன்பே புரிந்துகொண்டிருந்தார். 1924ல் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியவர், சபா செய்த முதல் வேலைகளில் ஒன்றாக 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். படிக்க ஆசை இருந்தும் தங்க இடமில்லாமல் திரும்பிப் போன பிள்ளைகளின் கணக்கு அவருக்குத் தெரியும். பிறகு 1946ல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி, 1950ல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. 1972ல் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்ற இளைஞர்கள் தலித் பாந்தர்ஸ் தொடங்கியபோது, பம்பாய் வடாலாவிலிருந்த சித்தார்த் விகார் விடுதி அவர்கள் கூடிப் பேசுகிற இடமாக இருந்தது. விடுதி என்றால் சோறும் பாயும் மட்டுமல்ல. சேரிப் பிள்ளைகள் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் தங்களைப் பார்த்துக்கொள்கிற முதல் இடம் அது. ஊரில் தனக்கு நேர்ந்தது தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு வந்தவன், பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவனுக்கும் அதேதான் நேர்ந்தது என்று தெரிந்துகொள்கிற இடம்.

அப்படித் தெரிந்துகொண்டவர்கள் பெயர் கேட்கத் தொடங்குவார்கள். பெயரில்தான் சண்டை வெடிக்கும். மராத்வாடா பல்கலைக் கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. போட்டதும் மராத்வாடா கிராமங்களில் தலித் குடிசைகள் எரிந்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து 1994 ஜனவரி 14ல்தான் பெயர் மாறியது, அதுவும் மராத்வாடா என்ற பழைய பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு. நம்ம ஊரில் 2008 நவம்பர் 12ல் சென்னை சட்டக் கல்லூரியில் நடந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. தேவர் ஜெயந்தி விளம்பரத்தில் கல்லூரியின் பெயரிலிருந்து டாக்டர் அம்பேத்கர் என்பதை மட்டும் விட்டுவிட்டு அச்சடித்தார்கள். அங்கேயிருந்து மூண்ட பகை, மாணவர்கள் கட்டையோடும் கத்தியோடும் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டதில் முடிந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வளாகத்தில் பார்ப்பனர் யாரும் பானை வைக்கவில்லை. இரண்டாவது பானைக்குள்ளே நடந்த சண்டை அது. சட்டம் படித்து வக்கீலாகி ஊருக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் கிடந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2014 ஏப்ரல் 14ல், அம்பேத்கர் பிறந்த நாளில், சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் - பெரியார் படிப்பு வட்டம் தொடங்கப்பட்டதைப் பார்க்க வேண்டும். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் படிப்பு வட்டம் பல ஆண்டுகளாக இருந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. அம்பேத்கர் - பெரியார் என்று வைத்ததும், இந்தப் பெயர் மாணவர்களைப் பிளவுபடுத்தும், மாற்றுங்கள் என்று நிர்வாகத்திலிருந்து சொன்னதாக வட்டத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் மாற்றவில்லை. 2015 மே 22ல் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. பிரதமரையும் மத்திய அரசையும் விமர்சிக்கிறார்கள், வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று பெயரில்லாத ஒரு கடிதம் மனிதவள அமைச்சகத்துக்குப் போயிருந்தது. அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தது. கையெழுத்துப் போடாதவர்களின் கடிதம் போதும், கையெழுத்துப் போட்டு வட்டம் நடத்தியவர்களை விசாரிக்கக்கூட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நாடெங்கும் மாணவர்கள் எழுந்தார்கள். ஜூன் 7ல் அங்கீகாரம் திரும்பி வந்தது. அதோடு நிற்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பூலேயின் பெயரையும் சேர்த்து அம்பேத்கர் - பெரியார் - பூலே வட்டம் உருவானது.

இரண்டு பெயருக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னக் கோட்டைக் கொஞ்சம் பாருங்கள். அது ஒரு ஒப்பந்தம். என் பெயரை நீ அழிக்கக் கூடாது, உன் பெயரை நான் அழிக்க மாட்டேன், சேர்ந்து எழுதுவோம் என்பது அதன் பொருள். ‘மற்றவர்கள்’ என்ற சொல்லில் இந்த ஒப்பந்தம் இல்லை. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் 2014 நவம்பரில் தொடங்கிய அமைப்பும் பிர்சா, அம்பேத்கர், பூலே என மூன்று பெயரோடு வந்தது. ஆதிவாசியும் தலித்தும் பிற்படுத்தப்பட்டவரும் அவரவர் தலைவரோடு உள்ளே வந்தார்கள்.

கடல் கடந்தும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1968 நவம்பர் 6ல் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பின மாணவர் சங்கம் பத்துக் கோரிக்கை வைத்தது. லத்தீன் அமெரிக்க, பிலிப்பினோ, சீன, ஜப்பானிய, மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் அமைப்புகள் மூன்றாம் உலக விடுதலை முன்னணி என்று சேர்ந்து மேலும் ஐந்து கோரிக்கை வைத்தன. ஒருத்தரும் தன் சங்கத்தைக் கலைக்கவில்லை, தன் கோரிக்கையை அடுத்தவர் கோரிக்கைக்குள் கரைக்கவும் இல்லை. பதினைந்தையும் ஒரே பட்டியலாக வைத்துக்கொண்டு 1969 மார்ச் வரை நின்றார்கள். வெளியே வந்தபோது அந்த நாட்டின் முதல் இனவியல் கல்லூரி அவர்கள் கையில் இருந்தது. நம்முடைய ஆள்கள் “ஒற்றுமைன்னா உன் கோரிக்கையை இப்போதைக்கு ஓரமா வை” என்று நம்மிடம் சொல்வார்களே, அதற்கு நேர் எதிரானது இது.

ஹைதராபாத்தில் நடந்ததையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். அங்கே அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993லிருந்து இருக்கிறது. ரோகித் வெமுலாவும் இன்னும் நான்கு ஆய்வு மாணவர்களும் 2016 ஜனவரியில் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வகுப்புக்குப் போகலாம், விடுதிக்குள் வரக் கூடாது என்பது தண்டனை. ஊர் வேறு, சேரி வேறு என்பதன் பல்கலைக் கழக வடிவம் இது. அவர்கள் திறந்த வெளியில் கூடாரம் போட்டு அதற்கு வெளிவாடா என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே உள்ள சேரி என்று தெலுங்கில் அர்த்தம். ஜனவரி 17ல் ரோகித் செத்துப்போனார். அதன் பிறகுதான் தலித், ஆதிவாசி, முஸ்லிம், இடதுசாரி மாணவர்கள் சேர்ந்து சமூக நீதிக்கான கூட்டு நடவடிக்கைக் குழுவாக நின்றார்கள். ஒரு பிணம் விழுந்த பிறகுதானா நமக்குக் கூட்டணி? 2019ல் ரோகித்தின் தாய் ராதிகாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போன பாயல் தட்வியின் தாய் ஆபிதாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் தலித், ஒருவர் ஆதிவாசி முஸ்லிம். பிள்ளைகள் உயிரோடு இருந்தபோது வளாகம் கட்டித் தராத கூட்டணியைத் தாய்மார் கட்டினார்கள்.

எங்க பக்கத்துக்கு வருகிறேன். ஐ.ஐ.டி. வட்டத்துக்கு அங்கீகாரம் திரும்பிப் பதினாறே நாள் கழித்து, 2015 ஜூன் 23ல், ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பொறியியல் படித்த தலித் இளைஞர். செய்த குற்றம், கூடப் படித்த கொங்கு வேளாளப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அவருடைய தாய் ஏழெட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய தீர்ப்பு அது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி. தனியார் பஸ்கள் எங்க தறிக்குடி ஊர்கள் வரைக்கும் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஈழத்துக்கும் ஜல்லிக்கட்டுக்கும் காலியாகி வெளியே வந்த அளவுக்கு இந்தக் கல்லூரிகள் கோகுல்ராஜுக்காக வெளியே வரவில்லை. ஏன்? எதிரி கொழும்பிலோ தில்லியிலோ இருந்தால் எல்லோரும் தமிழர். எதிரி பக்கத்து பெஞ்சின் வீட்டுக்காரர் என்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அதிலும் சுயநிதிக் கல்லூரிகளில் மாணவர் தேர்தல் என்ற வாடையே கிடையாது. ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம் போடுகிற கல்லூரிகளை எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கோயிலில் நின்றவர்களின் வேலையை இவை வளாகத்துக்குள்ளே பாதி முடித்துக் கொடுக்கின்றன.

பெயர்ப்பலகை மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் எங்க சேலமே சாட்சி. 1997ல் பெரியார் பெயரில் இங்கே பல்கலைக் கழகம் வந்தது. 2022 ஜூலையில் அதன் எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வாசலில் பெரியார், வினாத்தாளில் மனு. ஐ.ஐ.டி.யில் 2018 டிசம்பரில் ஒரு உணவுக் கூடத்தில் சைவக்காரர்களுக்குத் தனி வாசல், தனி வாஷ்பேசின் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கும்பகோணத்துப் பானைக்குச் சரியாக 75 வருஷம் கழித்து! படம் எடுத்து வெளியே சொன்னவர்கள் அந்தப் படிப்பு வட்டத்து மாணவர்கள். அறிவிப்பு கிழிக்கப்பட்டது. உள்ளே ஒரு வட்டம் இருந்ததால் கிழிக்கப்பட்டது.

ஆகவே வட்டம் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிற தோழர்களுக்கு, காசிலிருந்தும் சோற்றிலிருந்தும் தொடங்குங்கள் என்பேன். சுயநிதிக் கல்லூரிகளில் தலித், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ மாணவர்களின் கட்டணத்தை அரசே தர 2012ல் அரசாணை 92 வந்தது. அதை வைத்துக்கொண்டே “முதல்ல நீ கட்டு, வந்தா திருப்பித் தர்றோம்” என்று சொல்கிற ஆபீஸ்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் நிற்கிறவனோடு, கல்விக்கடனுக்கு பேங்க் வாசலில் நிற்கிற வன்னியப் பையனும் நெசவாளி வீட்டுப் பெண்ணும் வந்து நிற்க வேண்டும். அவர்களுடைய கடனுக்கு நாமும் போய் நிற்க வேண்டும். பெண்கள் விடுதி ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறது என்றால் ஏழு மணிக்கு வட்டம் கூடக் கூடாது. அந்தப் பூட்டே முதல் கோரிக்கையாக வேண்டும். தில்லியில் 2015ல் பிஞ்ச்ரா தோட் பெண்கள் அந்தப் பூட்டிலிருந்துதான் தொடங்கினார்கள். இதிலெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. சாதிக் கொலை என்று வரும்போது “இது உங்க பிரச்சினை” என்று ஒதுங்குகிறவரோடு கட்டணப் பிரச்சினையிலும் நெடுநாள் நிற்க முடியாது. அதை முதல் கூட்டத்திலேயே முகத்துக்கு நேரே பேசிவிடுவது நல்லது.

2025 ஜூலையில் தமிழக அரசு, ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்றிருந்த மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூக நீதி விடுதி என்று ஒரே பெயரை அறிவித்தது. நல்ல பெயர்தான். ஆனால் இலாகாக்கள் வேறு வேறு, கட்டடங்களும் வேறு வேறு. ஒரே ஊரில் இரண்டு சமூக நீதி விடுதிகள் இருக்கின்றன. ஒன்றில் சேரிப் பிள்ளைகள், ஒன்றில் ஊர்ப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் அதே தண்ணிச் சாம்பார், அதே உடைந்த கக்கூஸ் கதவு. இந்த விடுதிப் பிள்ளைகள் அந்த விடுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகட்டும். அவர்கள் இங்கே வந்து நம்ம தட்டில் சாப்பிடட்டும். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். வந்தவர்களை வைத்துக்கொண்டு வட்டம் தொடங்கலாம்.