லயத்துக்கு விலாசம் இல்லை

ஒரு மெயில் சர்வரின் பயனர் பட்டியலில் கறாரான சில விதிகள் உண்டு. ஒரே விலாசம் ரெண்டு பேருக்கு இருக்கக்கூடாது. இல்லாத டொமைனில் ஆளைச் சேர்க்க முடியாது. விதியை மீறிய பதிவை டேட்டாபேஸ் ஏற்காது. யார் கடிதம் யாருக்குப் போகணும் என்பதில் குழப்பம் வரக்கூடாது, அதுக்குத்தான் இவ்வளவும்.

இப்ப நுவரெலியா, ஹட்டன் பக்கம் வாங்க. ஏராளமான லயக் காம்பராக்களுக்கு இன்னமும் தனி விலாசம் கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், தபாலகம், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஒப்பீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரே டிவிஷனில் ரெண்டு மூணு ராமையா இருந்தால் கதை இன்னும் மோசம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிஞ்ச பிறகு கைக்கு வந்த கதை மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்துக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா? நல்லாவே தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டிக்கெட் கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் எண் பொறித்திருக்கும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆளுக்கொரு எண், எண்ணுக்கொரு தோட்டம். இன்றைய டேட்டாபேஸ்காரர்கள் பார்த்தால் பாராட்டுவார்கள்! பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுப் பதியும் செக்ரோலும் அப்படித்தான், அரைப் பேர் போட்டால்கூடத் தவறாமல் ஏறிவிடும்.

அந்தக் கறார் தொழிலாளிக்குத் தேவைப்பட்டபோது எங்கே போனது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவிடதாரர் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்பு கலியாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்கணும். நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. கையில் இருக்கவேண்டிய பத்திரமோ பெரும்பாலும் தோட்ட ஒப்பீஸ் அலுமாரியில். அங்கே ‘முத்தம்மா’, இன்னொரு தாளில் ‘முத்தாயி’. சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. நிராகரித்ததற்கு எழுத்துப்பிழை மட்டும் காரணமில்லை, அரசியல்தான் முதல் காரணம். ஆனாலும் ஒழுங்கில்லாத பதிவேடு அந்த அரசியலுக்கு நல்ல வசதியா இருந்தது.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறுபோட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. 2003இல் வந்த சட்டத்தால் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டை எடுக்கலாம், வாக்குப் போடலாம். அந்த அட்டையில் விலாசம் என்ற இடத்தில் மட்டும் இன்னும் பலருக்குத் தோட்டத்தின் பேர்தான்.